அப்டேட்டுக்குப் பிறகு ஆக்சஸ் திறக்கவில்லை, 15-ஆம் தேதி நெருங்குகிறது: என்ன செய்யலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வெட்டும் குத்தகை அலுவலகம் ஒன்றில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டது இது. அலுவலகத்தில் மூன்று கணினிகள். அன்றாடக் குலைக் கணக்கு, ஆள் பெயர்ப்பட்டியல், சம்பளம் எல்லாமே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரே கோப்பில் இருக்கின்றன. கோப்பு இருப்பது பெரிய கிராணியின் கணினியில். மற்ற இரண்டும் நெட்வொர்க் வழியாக அதைத் திறக்கின்றன. புதன்கிழமை காலை மூன்றும் தாமாகவே அப்டேட் ஆகி, அணைந்து எழுந்தன. அதிலிருந்து, முன்னறைக் கணினியில் திறந்தால் கோப்பு சீரற்ற நிலையில் இருக்கிறது, மீட்க முயல்கிறேன் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை வருகிறது. ஸ்டோர் கணினியில் கோப்பு திறக்கிறது, ஆனால் சம்பளக் கணக்குப் பொத்தானை அழுத்தினால் புராஜெக்ட் அல்லது லைப்ரரியைக் காணவில்லை என்கிறது. பெரிய கிராணியின் கணினியில் மட்டும் எல்லாம் ஓடுகிறது. 15-ஆம் தேதிக்குள் தொழிலாளர்களின் இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தாக்களைக் கட்டியாக வேண்டும். கணினிக் கடைக்காரர் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறார். செய்யலாமா?

வேண்டாம், தங்கச்சி. இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரே கோப்பு, ஒரு கணினியில் ஒழுங்காக ஓடுகிறது, மற்ற இரண்டில் இரண்டு வேறு விதமாகத் தகராறு செய்கிறது. அப்படியென்றால் உங்கள் கணக்கு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. மாறியது அதைத் திறக்கும் வழி. இருபது வருடமாக இந்த வட்டாரத்தில் தோட்ட அலுவலகங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் இந்த வேலையைப் பார்த்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்டேட் கணக்கை அழித்ததை நான் பார்த்தது மிகக் குறைவு. அப்டேட்டுக்குப் பிறகு பதற்றத்தில் அழுத்திய பொத்தான் அழித்ததைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நானே அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு கோயில் நிர்வாகத்தின் உபயக் கணக்கு திறக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். நகல் எடுக்காமல், இருந்த ஒரே கோப்பின் மேல் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கொடுத்துவிட்டேன். அது கோப்பைச் சுருக்கிப் புதிதாக எழுதும் வேலை. படிக்க முடியாத வரிகளைச் சில சமயம் விட்டுவிட்டு மற்றதை எழுதிவிடும். கோப்பு அழகாகத் திறந்தது, இரண்டு மாதத்து ரசீதுகள் மட்டும் அதில் இல்லை. ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்து மூன்று இரவு உட்கார்ந்து திரும்ப அடித்துக் கொடுத்தேன். அடிக்கட்டை இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

அதனால் முதல் வேலை நகல். மூன்று கணினியிலும் ஆக்சஸை மூடுங்கள். கோப்பு இருக்கும் ஃபோல்டரைப் பாருங்கள். அதே பெயரில், கடைசியில் 'எல்ஏசிசிடிபி' என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று இருக்கும். பழைய வகைக் கோப்பென்றால் 'எல்டிபி' என்று முடியும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று குறித்து வைக்கும் பூட்டுக் கோப்பு அது. எல்லோரும் வெளியே வந்ததும் தானாக மறைய வேண்டும். மறையவில்லை என்றால் யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார்கள், அல்லது ஒரு கணினி பாதியில் செத்து எழுந்திருக்கிறது. மூன்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுப் பாருங்கள். பூட்டுக் கோப்பு போன பிறகு பெரிய கோப்பைப் பென்டிரைவில் நகல் எடுத்து, பெயரோடு தேதியையும் சேர்த்து வையுங்கள். அந்த நகலைத் திறக்கவே வேண்டாம். அப்புறம் வேலை செய்து பார்க்க இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை இபிஎஃப். பெரிய கிராணியின் கணினி ஓடுகிறதல்லவா? இன்றைக்கே அதன் முன்னால் உட்கார்ந்து இபிஎஃப், சொக்சோ பட்டியலை எடுத்துவிடுங்கள். பழுது பார்ப்பது இரண்டு நாள் தள்ளிப் போகலாம், 15-ஆம் தேதி தள்ளிப் போகாது. அந்த நேரத்தில் மற்ற இருவரும் கோப்பைத் தொட வேண்டாம் என்று வாயால் சொல்லிவிடுங்கள், சீட்டு எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், முன்னறைக் கணினியில் வந்த அந்த எச்சரிக்கைக்கு 'சரி' கொடுத்தால் ஆக்சஸ் ஒரு காரியம் செய்யும். பழைய கோப்பை பேக்கப் என்று ஒதுக்கிவிட்டு, மீட்ட பகுதிகளை ஒரு புதிய கோப்பில் போட்டு அதைத் திறக்கும். மீட்க முடியாமல் போனவற்றின் பெயரை 'ரெகவரி எரர்ஸ்' என்ற டேபிளில் எழுதி வைக்கும். முன்னறையில் இருப்பவர் புதியதில் இன்றைய குலைக் கணக்கை அடிப்பார், பெரிய கிராணி பழையதில் அடித்துக்கொண்டிருப்பார். மாதக் கடைசியில் இரண்டு கணக்கையும் ஒட்டவைப்பது பெரிய வேதனை. யாராவது ஏற்கனவே 'சரி' கொடுத்திருந்தால், ஃபோல்டரில் புதிதாக வேறு பெயரில் கோப்பு முளைத்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

சரி, அந்த எச்சரிக்கை ஏன் வருகிறது? இது புதிய நோய் இல்லை. 2018-இல் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு வந்த காலத்திலிருந்தே பல அலுவலகங்களில் இது தலைகாட்டியது. நெட்வொர்க்கில் இருக்கும் கோப்பை ஒரு கணினி திறக்கும்போது, வேகத்துக்காக அதன் சில பகுதிகளைத் தன்னிடமே கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள விண்டோஸ் அனுமதி தரும். 'லீஸ்' என்பார்கள், குத்தகை மாதிரிதான். வேர்ட் கோப்புக்கு இது பொருந்தும், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதுவார். ஆக்சஸ் கோப்பில் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். ஒருவர் கையில் பழைய பகுதி இருக்க இன்னொருவர் புதியதை எழுதிவிட்டால், ஆக்சஸ் கோப்பின் நிலை சரியில்லை என்று முடிவு செய்துவிடும். கோப்பு இருக்கும் கணினியில் நேராகத் திறந்தால் இந்தக் குத்தகைக்கே வேலை இல்லை. உங்கள் பெரிய கிராணியின் கணினி மட்டும் ஓடுவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு மைக்ரோசாஃப்டே சொன்ன வழி ஒன்று உண்டு. கோப்பு இருக்கும் கணினியில், அதாவது பெரிய கிராணியின் கணினியில் மட்டும், விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரை நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும். ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், லேன்மேன்சர்வர், பாராமீட்டர்ஸ் என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே 'டிஸேபிள்லீசிங்' என்ற பெயரில், இரண்டு சொல்லையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து, ஒரு டிவேர்ட் மதிப்பு உருவாக்கி 1 என்று போடுங்கள். எல்லோரையும் கோப்பிலிருந்து வெளியேறச் சொல்லிவிட்டுக் கணினியை அணைத்துப் போடுங்கள். நெட்வொர்க்கில் கோப்பு திறப்பது கொஞ்சம் மெதுவாகலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துப் பழக்கம் இல்லையென்றால் உங்கள் கடைக்காரரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அவருக்கு ஐந்து நிமிட வேலை. மாற்றும் முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

அதைச் செய்தும் எச்சரிக்கை வந்தால் கம்பியைப் பாருங்கள். முன்னறைக் கணினி வைஃபையில் ஓடுகிறதா? ஆக்சஸ் கோப்பை வைஃபை வழியாகத் திறப்பது ஆபத்து. இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் எழுதிக்கொண்டிருந்த பக்கம் பாதியில் நின்றுவிடும். ஈப்போவிலிருந்து நல்ல நெட்வொர்க் கம்பி வாங்கி இழுத்துவிடுங்கள், அதிகச் செலவில்லை. இன்னொன்று, நம் பக்கத்து மாலை மழையும் இடியும். புதன்கிழமை அப்டேட் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், செவ்வாய் சாயங்காலம் கரண்ட் போனது ஞாபகம் இருக்காது. கோப்பு திறந்திருக்கும்போது கரண்ட் போனால் உண்மையாகவே கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. கோப்பு இருக்கும் கணினிக்காவது ஒரு யுபிஎஸ் வையுங்கள்.

கோப்பே கெட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், வேலை நகலில், வேலை நகலில் மட்டும், காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் கொடுத்துப் பாருங்கள். முடிந்ததும் ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை வரி இருக்கிறது என்று முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். சிக்கல் எதையாவது கண்டிருந்தால் 'எம்சிஸ்காம்பாக்ட்எரர்' என்ற பெயரில் ஒரு டேபிள் புதிதாகத் தோன்றும். ரிப்பேரே ஓடவில்லை என்றால் வெறுமையான புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, அதற்குள் பழையதிலிருந்து டேபிள்களை ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்யுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு டேபிள்தான் அடம்பிடிக்கும். மற்றவை வந்துவிடும். விடுபட்ட வரிகளுக்கு மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) எழுதிய சீட்டும் ஆலையின் எடைச் சீட்டும் இருக்கிறதே, அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஸ்டோர் கணினியின் கதை வேறு. லைப்ரரியைக் காணவில்லை என்று வரும்போது ஆக்சஸ் சுட்டிக்காட்டும் இடம் பெரும்பாலும் குற்றமற்ற இடம். தேதி எடுக்கும் சாதாரணக் கட்டளையில் வந்து நிற்கும். அந்தக் கட்டளையில் தப்பில்லை. கோப்பு நம்பியிருக்கும் துணை லைப்ரரிகளில் ஒன்று இல்லாமல் போனாலே அடிப்படைக் கட்டளைகள்கூட அடையாளம் தெரியாமல் தடுமாறும். ஆல்ட் விசையோடு எஃப்11 அழுத்தி, டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்சஸ் திறந்து பாருங்கள். வரிசையில் ஏதாவது ஒன்றின் முன்னால் 'மிஸ்ஸிங்' என்று இருக்கும்.

அது எக்செல் அல்லது அவுட்லுக் லைப்ரரி என்றால், மூன்று கணினியிலும் ஆஃபீஸ் பதிப்பு வேறு வேறாக இருக்கிறது என்று அர்த்தம். புதிய ஆஃபீஸ் உள்ள கணினியில் கோப்பைத் திறந்தால் ஆக்சஸ் அந்தக் குறிப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொள்ளும். பழைய ஆஃபீஸ் உள்ள கணினியில் திறந்தால் பின்னோக்கி மாற்றத் தெரியாது, காணவில்லை என்றுவிடும். மூன்றிலும் ஆக்சஸில் ஃபைல், அக்கவுண்ட் போய்ப் பதிப்பு எண்ணையும் பில்டு எண்ணையும் எழுதி ஒப்பிடுங்கள். விண்டோஸ் அப்டேட் வரலாற்றை மட்டும் பார்த்தால் போதாது. இப்போதைய ஆஃபீஸ் தனி வழியில் அப்டேட் ஆகிறது, அந்த வரலாற்றில் அது வராது.

காணாமல் போனது நாட்காட்டிக் கன்ட்ரோல் என்றால் ஒரு கேள்வி. அந்தக் கணினியில் அண்மையில் யாராவது ஆஃபீஸைப் புதிதாகப் போட்டார்களா? 2019-லிருந்து ஆஃபீஸ் இயல்பாக 64 பிட்டாக இறங்குகிறது. பழைய ஃபார்ம்களில் இருக்கும் தேதி தேர்வுக் கன்ட்ரோல் 32 பிட்டில் மட்டும் ஓடுவது. 64 பிட்டில் அதற்கு இடமே இல்லை. அதை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டத்தை வையுங்கள். 2007-லிருந்து ஆக்சஸிலேயே தேதிக் கட்டத்தின் பக்கத்தில் நாட்காட்டி வருகிறது. கோப்பை எழுதிக் கொடுத்தவர் இன்னும் தொடர்பில் இருந்தால் அவரையே செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் 32 பிட் ஆஃபீஸை அந்தக் கணினியில் போடுவதே விரைவான வழி.

அப்டேட்டே நேரடியாகத் தப்பு செய்த காலமும் உண்டு. 2019 நவம்பர் 12 அன்று வந்த பாதுகாப்பு அப்டேட் ஆக்சஸ் 2010-லிருந்து அப்போதைய புதிய பதிப்பு வரை எல்லாவற்றையும் பாதித்தது. ஒரே டேபிளில் நிபந்தனை வைத்து மதிப்பை மாற்றும் குவெரி (டேபிளுக்குக் கொடுக்கும் கட்டளை) எதை ஓட்டினாலும் 3340 என்ற எண்ணோடு 'குவெரி கெட்டுவிட்டது' என்று வந்தது. குவெரி கெடவே இல்லை. அந்த வாரம் நல்ல குவெரிகளை அழித்துவிட்டுத் திரும்ப எழுதி, அதுவும் ஓடாமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர். சம்பளக் கணக்கில் இந்த வகைக் குவெரிதான் அதிகம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனபோதும், அதே ஆண்டு அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப் 2 விழுக்காடு பிடிக்க வேண்டும் என்றானபோதும் நீங்கள் ஓட்டியிருப்பது இதைத்தான். அன்று கைகொடுத்த வழி எளிது. டேபிளின் பெயரை மாற்றிவிட்டு, பழைய பெயரிலேயே அந்த டேபிளை முழுவதும் காட்டும் ஒரு குவெரியை உருவாக்கினால், எந்தக் கட்டளையையும் திருத்தாமல் எல்லாம் ஓடியது. மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்து முடிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. 2021 டிசம்பர் அப்டேட்டிலும் இதே மாதிரி ஒன்று. முதல் ஆள் திறந்ததும் இரண்டாவது ஆளுக்குக் கோப்பு பூட்டிக்கொண்டது. அதற்கும் பிறகு திருத்தம் வந்தது.

இப்படி அப்டேட்தான் காரணம் என்று உறுதியானால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். கிளிக் டு ரன் வகை, அதாவது விண்டோஸ் அப்டேட்டைச் சாராமல் தானே அப்டேட் ஆகும் ஆஃபீஸில், கமாண்ட் ப்ராம்ப்டில் பழைய பதிப்பு எண்ணைக் கொடுத்து அதற்கே இறங்கச் சொல்ல முடியும். இறங்கிய கையோடு ஃபைல், அக்கவுண்டில் அப்டேட்டை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே திரும்ப ஏறிவிடும். ஆனால் நிரந்தரமாக நிறுத்திவிடாதீர்கள். 3340 தகராறைக் கொண்டு வந்த அந்த அப்டேட்டேகூட ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்ததுதான். தொழிலாளர்களின் பாஸ்போர்ட் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினி அது.

நெட்வொர்க் ஃபோல்டரே திறக்கவில்லை என்றால் ஆக்சஸைத் திட்டாதீர்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைத்த ஃபோல்டர்களைப் பல கணினிகள் ஏற்பதில்லை. ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துப் பகிருங்கள். அதேபோல, கோப்பு ஈமெயிலில் வந்ததாக இருந்தால் 2022-லிருந்து அதிலுள்ள மேக்ரோக்களை (தானாக ஓடும் கட்டளைகளை) ஆக்சஸ் தடுக்கும். யார் அனுப்பியது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் 'அன்ப்ளாக்' கொடுங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது எந்த எச்சரிக்கையும் காட்டாத தப்பு. பெரிய அப்டேட்டுக்குப் பிறகோ, விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகோ, தேதி அமைப்பு அமெரிக்க முறைக்கு மாறிவிடும். நாம் நாள், மாதம் என்று எழுதுகிறோம். அங்கே மாதம், நாள். மார்ச் 5 என்று நினைத்து 5/3 அடித்தால் மே 3 ஆகிவிடும். 25/3 அடித்தால் 25-ஆவது மாதம் இல்லாததால் ஆக்சஸ் தானாகவே மார்ச் 25 என்று எடுத்துக்கொள்ளும். ஆக, மாதத்தின் முதல் 12 நாள் கணக்கு மட்டும் சத்தமில்லாமல் வேறு மாதத்துக்குப் போய்விடும். கடைக்காரர் சொன்னபடி விண்டோஸை அழித்துப் போடாதீர்கள் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போதே மூன்று கணினியிலும் தேதி அமைப்பைப் பாருங்கள். போன மாதத்துச் சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்து, அதே ஆளுக்கு அதே மாதத்தை மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு காசு வித்தியாசம் வந்தாலும் நிறுத்திவிடுங்கள். குலைக்கு இவ்வளவு என்று வெயிலில் வெட்டிய கூலி அது.

இந்த மாதம் தாண்டியதும் கோப்பை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். டேபிள்கள் மட்டும் ஒரு கோப்பில், பெரிய கிராணியின் கணினியில் இருக்கட்டும். ஃபார்ம், குவெரி, ரிப்போர்ட் எல்லாம் இன்னொரு கோப்பில் போட்டு, ஒவ்வொரு கணினியிலும் தனித்தனி நகல் வையுங்கள். ஆக்சஸிலேயே டேட்டாபேஸ் டூல்ஸ் பகுதியில் பிரித்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. ஒரு கணினியில் லைப்ரரி தகராறு வந்தால் அந்த நகலை மட்டும் மாற்றினால் போதும், கணக்கைத் தொட வேண்டியதில்லை. டேபிள் கோப்பை ஒன்டிரைவ் போன்ற தானாக ஒத்திசைக்கும் ஃபோல்டரில் வைக்காதீர்கள். வேலை முடிந்த பிறகு எடுக்கும் நகலை அங்கே வைக்கலாம்.

தேதி விஷயம் ஒன்றையும் கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை அமெரிக்க நேரப்படி இரண்டாவது செவ்வாயன்று வெளியிடுகிறது. நமக்கு அது புதன் விடியற்காலை. அந்தப் புதன் 9-ஆம் தேதிக்கும் 15-ஆம் தேதிக்கும் நடுவில்தான் விழும், சரியாக உங்கள் இபிஎஃப் வாரம். விண்டோஸ் அப்டேட்டை 5 வாரம் வரை தள்ளி வைக்க முடியும். மாதம்தோறும் 8-ஆம் தேதி தள்ளி வைத்து, 16-ஆம் தேதி ஒரு கணினியில் மட்டும் முதலில் விடுங்கள். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றில் விடுங்கள், கோப்பு இருக்கும் கணினி கடைசி. விண்டோஸ் 10, ஆஃபீஸ் 2016, 2019 ஆகியவற்றுக்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. உங்களிடம் இவை இருந்தால் மாற்றுவதற்கு முதலாளியிடம் இப்போதே பேசி வையுங்கள்.

இவ்வளவும் செய்து ஏதாவது ஒன்றில் தட்டினால் திரும்ப எழுதுங்கள், தங்கச்சி. மூன்று கணினியின் ஆஃபீஸ் பதிப்பு எண்கள், எச்சரிக்கைப் பெட்டியின் படம், ரெஃபரன்சஸ் பட்டியலின் படம், இந்த மூன்றும் வேண்டும். கோப்பை அனுப்ப வேண்டாம், அதில் ஆட்களின் விவரம் இருக்கிறது.